கொட்டாஞ்சேனைப் பேய்க்கு ஒரு ஓட்டு

என் குரலில் பேய் நன்றாக வரும் என்று சொல்வார்கள். கோயம்புத்தூரில் ஒரு சின்ன அறைக்குள் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து ஒலிப்புத்தகம் வாசிப்பதுதான் என் பிழைப்பு. காதல் கதைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். பேய், பிசாசு, பாழடைந்த பங்களா என்றால் எனக்குத்தான் அழைப்பு வரும். இந்தப் பெருமையோடுதான் கொழும்புக்குப் போனேன்.

இலங்கையில் அறிவியல் புனைவு, மாயக்கதை, பேய்க்கதை இவற்றுக்கென்று நாடு தழுவிய விருது ஒன்று உண்டு. நடுவர் குழு, பேராசிரியர், பொன்னாடை எதுவும் கிடையாது. படிக்கிறவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பிரிவு. தமிழ்ப் பிரிவுக்காரர்கள் மட்டும் தங்களுக்கென்று ஒரு வழக்கத்தை வைத்திருந்தார்கள். இறுதிப் பட்டியலுக்கு வந்த கதைகளை, வாசகர்களை ஓரிடத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுவார்கள். எல்லாக் கதையையும் கடைசி வரை கேட்டவருக்குத்தான் வாக்குச்சீட்டு. பாதியில் எழுந்து தேநீர் குடிக்கப் போனால் ஓட்டும் போயிற்று.

முதலில் எழுத்தாளர்களே தங்கள் கதையை வாசித்தார்களாம். நல்ல தொண்டை உள்ளவரே வருடா வருடம் ஜெயித்தார். பிறகு ஒருவர் நாடகக்காரரான மச்சானைக் கூட்டி வந்து வாசிக்க வைக்க, அடிதடி வரை போயிருக்கிறது. அதனால் எல்லாக் கதையையும் ஒரே ஆள், அதுவும் எந்தப் பக்கமும் சாராத வெளியூர் ஆள் வாசிக்க வேண்டும் என்று முடிவானது. இந்த வருடம் அந்த ஊர் பேர் தெரியாதவள் நான்.

வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு மாடி அறை கொடுத்திருந்தார்கள்; ஒழுங்கை என்றால் நம்மூர்ச் சந்து. ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதைத் தாண்டினால் பாறை, அதைத் தாண்டினால் தண்ணீர். ரயில் போகும்போது கட்டில் லேசாக நடுங்கும். போய் முடிந்ததும் அலைச் சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வந்து இறங்கிய மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தபோது படுத்திருப்பது கரையிலா கடலிலா என்று சட்டென்று பிடிபடவில்லை. கொழும்பில் இருந்த நாட்கள் முழுக்க அந்த அரைத்தூக்கம் என்னை விட்டுப் போகவே இல்லை.

மாலையில் ரமணன் வந்தார். காலி வீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்; தமிழ்ப் பிரிவின் செயலாளர் அவர்தான். கையில் இடியப்பமும், தேங்காய்ப்பால் குழம்பான சொதியும், சம்பலும் கொண்டுவந்திருந்தார். நம்மூரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தைச் சாப்பாடாக்கி விடுகிறோம். இங்கே அது வளர்ந்தவர்கள் சாப்பிடும் சாப்பாடு. சம்பலின் காரம் காது வரை ஏறியது.

"அக்கா, ஒரு கட்டுப்பாடு இருக்கு," என்றார் ரமணன். "எண்ணி முடியிற வரைக்கும் நீங்க எழுத்தாளர் ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது. கண்டா ஒரு வணக்கம். அவ்வளவுதான்."

"சரிங்க. நான் யாரையும் பார்க்கவே போறதில்லீங்க."

வாக்குச்சீட்டைக் காட்டினார். ஐந்து கதைகளின் பெயர். பிடித்த வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண் போட வேண்டும். ஆறாவதாக ஒரு வரி இருந்தது: 'ஒருவருக்கும் இல்லை.' எந்தக் கதையும் தகாது என்று நினைப்பவர் அதற்கே முதல் எண்ணைப் போடலாம். ஒரு கதையை அந்த வரிக்குக் கீழே தள்ளினால், அதற்குப் பரிசு கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று பொருள்.

"இதென்னங்க கொடுமை," என்றேன்.

"ஓம், கொஞ்சம் கொடுமைதான். போன வருசம் கொட்டாஞ்சேனையில ஒரு மனுசி இந்தக் கடைசி வரிக்குக் கீழ வந்தவ. பிலோமினா எண்டு பேர். புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் ஒரு லோயர்ட கந்தோரில டைப் அடிக்கிறவ. பட்டியலை அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்தம். மனுசி அதையும் வாங்கி மடிச்சு ஹேண்ட்பாக்கில வச்சுக்கொண்டு போனவ. இந்த முறையும் நிக்கிறா."

"பாவங்க."

"பாவமில்லை அக்கா, பிடிவாதம். வெல்லாட்டியும் பரவாயில்லையாம், அந்த 'ஒருவருக்கும் இல்லை'க்கு மேல வரவேணுமாம். என்னட்ட அப்பிடித்தான் சொன்னவ."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தம்மா ஜெயிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பொதுக் குரலாக அழைத்து வரப்பட்டவளுக்கு வரக்கூடாத ஆசை. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சந்தைப் பக்கம் போனேன். வெள்ளவத்தையில் புடவைக் கடையும் நகைக் கடையும் வடைக் கடையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. நான் வாயைத் திறந்த உடனே கடைக்காரர்கள், "இந்தியாவோ?" என்று கேட்டார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே தட்டு நிறைய ரோல்ஸும் கட்லட்டும் மீன் வைத்த மாலுபாணும் கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. விருந்தாளிக்கு வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று அத்தனையையும் தின்று தீர்த்தேன். பரிமாறியவர் காலித் தட்டைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

மத்தியானம் முழுக்க அறையில் ஒத்திகை. பிலோமினாவின் கதையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கும் ஒருவன் இறந்துபோகிறான். அதன் பிறகும் தினமும் விடியற்காலையில் ஒழுங்கை முனையில் அவன் குரல் கேட்கிறது: "கேத்திலை வையும், வந்திட்டன்." தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சொல்கிறான். மனைவி அடுப்பைப் பற்ற வைக்கிறாள். தண்ணீர் கொதிக்கிறது, வற்றுகிறது, ஆள் வருவதில்லை. குரல் மட்டும் மறுபடி, மறுபடி. ஒவ்வொரு நாளும் ஒழுங்கை கொஞ்சம் நீண்டுகொண்டே போகிறது, குரல் தூரமாகிறது. கடைசியில் அவள் கொதிக்கிற கேத்திலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நடக்கிறாள். முனை வரவே இல்லை.

படித்துவிட்டு எனக்கு முதுகு சில்லிட்டது. வெளியே கடல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. இந்தக் கதைக்குத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்.

முதல் வாசிப்பு அன்று மாலை, ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடியில். கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு பாதியில் நின்றிருந்தது. பள்ளி ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று நாற்காலி நிறைய ஆட்கள். எழுத்தாளர்கள் முன்வரிசை. பிலோமினாவை அவர் கைப்பையை வைத்தே கண்டுபிடித்தேன். ஐம்பதை நெருங்கும் வயது, சாம்பல் நிறப் பாவாடை, வெள்ளை பிளவுஸ், மடியில் பெரிய கறுப்புக் கைப்பை. ஒரு வணக்கம் வைத்தேன். அவரும் வைத்தார்.

முதலில் கிருலப்பனையில் இருக்கும் கணக்கு வாத்தியார் ஒருவரின் கதை. நிலவில் குடியேறியவர்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். வரிசையில் இடம் பிடித்துக் கொடுக்க ஒரு எந்திரம் இருக்கிறது. அந்த எந்திரத்துக்கும் தாகம் எடுத்துவிடுகிறது. நன்றாகப் போயிற்று. அடுத்த இரண்டும் நன்றாகவே போயின. நாலாவது பிலோமினாவுடையது.

ஒலிப்பதிவு அறையில் செய்வதையெல்லாம் செய்தேன். குரலைத் தாழ்த்தினேன், மூச்சை இழுத்து விட்டேன். இறந்தவன் பேச வேண்டிய இடம் வந்தது. இந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்ல வேண்டும் என்று மத்தியானம் முழுக்கப் பயிற்சி செய்திருந்தேன். ராகம் போட்டு, கடைசி எழுத்தை இழுத்து, "கேத்திலை வையும்ம்... வந்திட்டன்ன்..." என்றேன்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்கிக்கொண்டார்கள். இரண்டாவது தடவை அந்த வசனம் வந்தபோது ஒரு வரிசையே குலுங்கியது. மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டு கண்ணில் நீரோடு உட்கார்ந்திருந்தார்கள். கெட்ட மனதில்லை, சிரிப்பு வந்தால் என்ன செய்வது. பிலோமினா மட்டும் கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஐந்தாவது கதையும் முடிந்ததும் ரமணன் என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"குறை நினைக்காதேயுங்கோ அக்கா. உங்கட தமிழ் எங்களுக்குப் படத்தில கேட்ட தமிழ். அது பரவாயில்லை. ஆனா நீங்க எங்கட தமிழைக் கதைக்கேக்க, உங்கட படங்களில எங்கட ஆக்களா வேசம் போட்டு வாறவை கதைக்கிற மாதிரியே கிடக்கு. அதுதான் சனத்துக்குச் சிரிப்பு."

"நான் பொதுக் குரல்னு சொன்னீங்களே."

"அப்பிடித்தான் நாங்களும் நினைச்சம்," என்றார் பாவமாக.

எந்தப் பக்கமும் சாயாத குரல் என்று நான் பீற்றிக்கொண்டிருந்தது, இங்கே வந்து பேயைக் கோமாளியாக்கிவிட்டது. கேட்டவர்கள் கையோடு வாக்குச்சீட்டை நிரப்பிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றில் பிலோமினா எந்த வரிசையில் இருப்பார் என்று நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் கட்டுப்பாடு. அவர் தனியாகப் படியிறங்கிக் காலி வீதிப் பேருந்து நெரிசலுக்குள் போவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் இரண்டாவது வாசிப்பு கொட்டாஞ்சேனையில். ரமணன் அழைத்துப் போகிறேன் என்றார். நான்தான் ரோஷத்தில், தனியாக வந்துவிடுவேன் என்றேன். வெள்ளவத்தை நிலையத்தில் வந்த ரயிலில் ஏறி, கடல் பக்கமாக வாசற்படி ஓரத்தில் நின்றுகொண்டேன். காற்றில் உப்பு. அலைத் துளி முகத்தில் தெறித்தது. இறந்தவன் வசனத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பாறைகள், தென்னை, வலை காய்கிற மணல், மறுபடி பாறைகள் என்று எல்லாம் கனவில்போல நழுவிக்கொண்டிருந்தன. வெகு நேரம் கழித்துத்தான் நான் இறங்க வேண்டிய கோட்டை நிலையம் ஏன் வரவில்லை என்று தோன்றியது.

பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்து என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சீருடைப் பெண் மொழிபெயர்த்துச் சொன்னார்: "நீங்க போகவேண்டிய இடம் உங்கட முதுகுக்குப் பின்னால இருக்காம். ஆனா கடல் இந்தப் பக்கமும் வடிவுதான், பாத்திட்டுப் போங்கோ எண்டு சொல்றார்." நம்மூரில் என்றால் என் படிப்பையும் வளர்ப்பையும் விசாரித்திருப்பார்கள். அவர் ஒரு புன்னகையோடு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

திரும்பி வேறு ரயில் பிடித்துக் கோட்டையில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு ஆட்டோவில் ஏறினேன், இங்கே திரீவீலர். ஓட்டுநர் ரிஸ்வி, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துப் பேட்டையான கிராண்ட்பாஸ்காரர். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டார். சொன்னேன்.

"பேய்க் கதைக்கு ஓட்டா?" என்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். "முழுக் கதையும் கேட்டாத்தான் ஓட்டுப் போட ஏலுமா?"

"ஆமாங்க."

"அப்ப எங்கட எலக்சனுக்கும் அப்பிடி ஒரு சட்டம் வெச்சா நல்லா ஈக்கும். எல்லாருட பேச்சையும் கடைசி மட்டும் கேட்டவனுக்குத்தான் ஓட்டு. ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்." கொஞ்ச தூரம் போனதும் கேட்டார், "பேய் என்னத்தைச் சொல்லுது?"

"டீக்குத் தண்ணி வைக்கச் சொல்லுதுங்க."

ரிஸ்வி சிரிக்கவில்லை. "ராவு வேல செஞ்சிட்டு வாறவனுக்கு அதுதானே வேணும்," என்று சொல்லிவிட்டு வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார்.

கொட்டாஞ்சேனை வெள்ளவத்தை மாதிரி இல்லை. தெருமுனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தோனியார் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறார். எதிரே பிள்ளையார் கோயில் மணி அடிக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல். வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவற்றின் தலைக்கு மேலே துறைமுகப் பாரந்தூக்கிகள் எட்டிப் பார்க்கின்றன. ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அந்தச் சத்தம் அடங்கவே நேரம் எடுத்தது. மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சத்தில் மனிதர்கள் மெதுவாக நடப்பதுபோல் இருந்தது.

வாசிப்பு ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில். பூசை முடிந்து நேராக வந்த பெண்கள் தலையில் முக்காட்டோடு இருந்தார்கள். வேலை முடிந்து வந்த துறைமுகக்காரர்கள் பின்வரிசைகளில். எல்லோர் கையிலும் பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ. முன்வரிசையில் நேற்றுப் பார்த்த அதே எழுத்தாளர்கள். பிலோமினா அதே கைப்பையோடு, சுவர் ஓரமாக.

மூன்று கதைகளை வாசித்து முடித்தேன். தண்ணீர் குடித்தேன். நாலாவது கதையின் தாளை எடுத்தேன். ராகம் வேண்டாம், நடிப்பு வேண்டாம், பஞ்சாங்கம் வாசிப்பதுபோல வாசித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஒழுங்கை வந்தது, விடியற்காலை வந்தது, அவள் விழித்துக்கொண்டு காத்திருப்பது வந்தது. அடுத்த வரி அவன் பேச வேண்டும். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. நேற்றைய சிரிப்பு காதுக்குள் திரும்பக் கேட்டது. தாளைப் பார்த்தபடி நின்றேன். மண்டபம் அமைதியாகக் காத்திருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கேத்திலை வையும், வந்திட்டன்."

சத்தமாக, சாதாரணமாக, களைத்த மனிதன் தெருவிலிருந்து வீட்டுக்குச் சொல்வதுபோல. நிமிர்ந்து பார்த்தேன், எனக்குச் சட்டென்று மயிர்க்கூச்செறிந்தது. எதுவும் நடக்காததுபோல் அடுத்த பத்தியை வாசித்தேன். தண்ணீர் கொதித்தது, வற்றியது. மறுபடி அந்த இடம் வந்ததும் நானாகவே நிறுத்தினேன். இந்தத் தடவை இரண்டு மூன்று குரல்கள். அதற்கடுத்த தடவை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில், அவள் கேத்திலோடு ஒழுங்கையில் நடக்கிற இடத்தில், நான் ஒரு வரி சொல்ல மண்டபமே ஒரு வரி சொன்னது. நான் வாசித்தேனா அவர்கள் என்னை வாசித்தார்களா தெரியாது. முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. கூரையில் மழை தொடங்கியிருந்தது.

ஐந்தாவது கதையையும் வாசித்து முடித்த பிறகு ரமணன் என்னைத் தனியே அழைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஒரு குரல்தான் எண்டது சட்டம் அக்கா. இண்டைக்கு முழு ஹோலும் வாசிச்சிட்டுது. ஆராவது எதிர்த்தா இந்த மண்டபத்துச் சீட்டு எல்லாம் செல்லாது."

நாங்கள் பேசியது கிருலப்பனைக் கணக்கு வாத்தியாரின் காதில் விழுந்துவிட்டது. அவர் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "என்ர நிலாக் கதைக்கு இவ்வளவு சனம் சத்தம் போட்டிருந்தா நான் வேண்டாமெண்டு சொல்லியிருப்பனோ, ரமணன்? விடும்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். சீட்டுகள் செல்லும் என்று ஆயிற்று.

"ஏன் அப்படிச் சேர்ந்து சொன்னாங்க?" என்று வழியில் கேட்டேன்.

"சேர்ச்சில மன்றாட்டுச் சொல்லிப் பழகின சனமல்லோ," என்றார் ரமணன். "ஒருத்தர் தொடங்கி நிப்பாட்டினா மற்றவை பதில் சொல்லுவினம். வாயில வந்திட்டுது போல." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

எண்ணிக்கையும் பரிசளிப்பும் மறுநாள் காலை, பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில். மூன்று மொழிக்காரர்களும் ஒரே இடத்தில். கறுப்புச் சிறகு கட்டிக்கொண்டு வந்த சிங்களப் பெண், அட்டைப்பெட்டியில் செய்த தலைக்கவசத்தோடு ஒரு தாத்தா, பேய் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பால் தேநீர் குடிக்கும் இளைஞர்கள் என்று மண்டபமே ஒரு பகற்கனவாக இருந்தது. நம்மூர் இலக்கிய விழாவில் இதைச் செய்தால் வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்ச் சீட்டுகளை எல்லோர் முன்னாலும் எண்ணினார்கள். குறைந்த வாக்கு வாங்கிய கதையை முதலில் நீக்கி, அந்தச் சீட்டுகளை அவற்றில் இரண்டாவதாக எழுதியிருக்கும் கதைக்கு மாற்றுவார்கள். பிறகு அடுத்தது. ரமணன் பலகையில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். இரண்டு கதைகள் போயின. மூன்றாவது போயிற்று. மிச்சம் நிலாக் கதை, பிலோமினாவின் கதை, 'ஒருவருக்கும் இல்லை.' நான் என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். பிலோமினா எழுந்து நின்றுவிட்டார்.

ரமணன் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டிப் பார்த்தார். துணியை எடுத்து 'ஒருவருக்கும் இல்லை' என்பதை அழித்தார்.

கொட்டாஞ்சேனைக்காரர்கள் இருந்த பக்கம் ஆரவாரம். பிலோமினா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். விருது என்னவோ நிலாக் கதைக்குத்தான் கிடைத்தது. வெள்ளவத்தைச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் அதுவே முதலில் இருந்தது. நான் மட்டும் அன்று ராகம் போடாமல் இருந்திருந்தால் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. வாத்தியார் மேடையில் நன்றி சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இனிப் பேசலாம். வெளியே வந்ததும் பிலோமினாவே என்னைத் தேடி வந்தார். இருவரும் பம்பலப்பிட்டி நிலையத்துக்கு நடந்தோம். அவருக்குக் கோட்டைப் பக்கம் போக வேண்டும். எனக்கு வெள்ளவத்தைப் பக்கம். கடலைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மதிய வெயிலில் அலைகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தன.

"என்னை மன்னிச்சுக்குங்க," என்றேன். "வெள்ளவத்தையில நான்தான் கெடுத்துட்டேன்."

"நீங்க என்ன செய்வீங்கள் மிஸ். வேற ஆற்றயும் கதையெண்டா நானும் சிரிச்சிருப்பன்." கைப்பையை மடியில் நேராக்கி வைத்தார். "ஆனா அண்டைக்கு அங்க இருக்க ஏலாமத்தான் கிடந்தது. அது என்ர மனிசன்ர வாய்ச்சொல்."

நான் பெஞ்சில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அவர் ஹார்பரில இரவு வேலை. விடிய வரேக்க ஒழுங்கை முனையிலயே நிண்டு அப்பிடிச் சொல்லுவார். முழு ஒழுங்கைக்கும் கேக்கும். சனம் அதைக் கேட்டுத்தான் எழும்புறது. ஒரு நாள் வேலை முடிஞ்சு வாற வழியில பஸ்ஸுக்குள்ளயே நெஞ்சு நோவு வந்து உயிர் போயிட்டுது. நான் அண்டைக்கும் கேத்தில் வச்சனான்."

"அப்போ நேத்து மண்டபத்துல சொன்னவங்க?"

"எல்லாம் எங்கட ஒழுங்கைச் சனம்."

"ரமணன் மன்றாட்டுப் பழக்கம்னு சொன்னாருங்க."

பிலோமினா சிரித்தார். "மன்றாட்டில்லை. அவரைப் போல செய்து காட்டினவை. அவர் இருக்கேக்க ஒழுங்கையில எல்லாரும் அப்பிடித்தான் பகிடி பண்ணுறவை. சின்னப் பிள்ளையள்கூடச் சொல்லும். அவர் போனாப் பிறகு ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு முன்னால ஆர் சொல்லுவினம்? எனக்கும் அந்தச் சத்தம் மறந்து போகுமெண்டு பயம் வந்திட்டுது. அதுக்குத்தான் கதையா எழுதினனான். எழுதியும் சத்தம் வரேல்லை."

தண்டவாளம் லேசாக முனகியது. தூரத்தில் அவருடைய ரயில் தெரிந்தது. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"முதல் முதல் பின்னுக்கிருந்து ஒரு குரல் வந்ததல்லோ, மிஸ்? நீங்க நிப்பாட்டின உடனை?"

"ஆமாங்க."

"அது அவர்தான். அச்சொட்டா அவர்தான். நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்தா வேற ஆராவது இருப்பினம்."

ரயில் வந்து நின்றது. ஏறி, வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க முன்னுக்கு நிண்டனீங்கள். ஆளைக் கண்டிருப்பீங்கள். எனக்குச் சொல்லாதேயுங்கோ."

கண்டேன். மறுநாள் எண்ணும் இடத்திலும் அந்த ஆளைக் கண்டேன். இந்தக் கட்டுரையைப் பிலோமினா எப்படியும் தேடிப் படிப்பார். அதனால் குரல் கொடுத்தவரின் சட்டை என்ன நிறம், தலை நரைத்திருந்ததா, எந்த நாற்காலியில் இருந்தார் என்பது எதையும் நான் எங்கேயும் எழுதவில்லை.